சிற்றூர்களுக்கான வணிக ஒலிபரப்பு: மலைநாடு தரும் பாடம்

வளர்ச்சிக்கு வேண்டிய செய்தியை மக்களிடம் கொண்டு சேர்க்கப் பொருள் வேண்டும். அப்பொருளை அரசு அளிப்பதா, விளம்பரதாரர் அளிப்பதா என்பது நம் நாட்டில் நெடுநாளாக நடைபெற்று வரும் விவாதமாகும். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் போன்ற மலையூரிலிருந்து நோக்கும்போது இவ்வினா தனிப்பொருள் பெறுகிறது.

தோற்றம்

இலங்கை வானொலி 1950-இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழகத்திலும் அதற்குப் பெருந்திரளான நேயர்கள் இருந்தனர். அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதியைத் தொடங்கியபோதிலும் விளம்பரங்களை ஏற்கவில்லை. 1967 நவம்பர் 1 முதல் பம்பாய், பூனா, நாகபுரி நிலையங்களிலும், 1969-இல் சென்னை, திருச்சி நிலையங்களிலும் விளம்பரங்கள் இடம்பெற்றன. சிற்றூர் மக்களின் தேவைகளை முன்வைத்து எழுந்த உள்ளூர் வானொலித் திட்டத்தின் முதல் நிலையம் 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவிலில் அமைந்தது.

உயரத்தின் பயன்

1999-இல் தொடங்கிய கொடைக்கானல் பண்பலை நிலையம், 10 கிலோவாட் திறனுடன் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. ஆகவே அலைபரப்பி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவு தொலைவுக்கு அது எட்டும். கடல்மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து, இடையில் தடையில்லையெனில், கணக்குப்படி சுமார் 190 கிலோமீட்டர் வரை எட்டும். தேனி, திண்டுக்கல், மதுரை முதலிய ஊர்கள் ஒரே நிலையத்தின் கீழ் வருகின்றன.

இதன் பொருளாதாரம் எளிது. ஒரு சிற்றூரின் சில கடைகள் தனியே ஒரு நிலையத்தைத் தாங்க இயலாது. பல ஊர்களின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் சேர்ந்தால் தாங்க இயலும். சிறு சந்தைகளைத் திரட்டுவதே வட்டார வணிக ஒலிபரப்பின் அடிப்படை எனலாம்.

விட்டுப்போகும் நேயர்

ஆனால் விளம்பரதாரர் கணக்கிடுவது நேயரின் வாங்கும் சக்தியையே, தேவையை அன்று. சின்னக்கானல் வட்டாரத்தில் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைப்போருள் தமிழர் பலர். ஏலக்காயின் விலை போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடைபெறும் ஏலங்களில் உருவாகிறது. அந்த விலை, கூலி, நலத்திட்டங்கள், மழை ஆகியவை பற்றிய செய்தியே இவர்களுக்கு முதன்மையானது. மேலும், ஒரு சரிவில் தெளிவாகக் கேட்கும் ஒலிபரப்பு மறுசரிவில் மங்கிப்போவது மலைநாட்டின் இயல்பு.

இக்குறையின் விலை சிறிதன்று. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போனதால் விபத்துச் செய்தியே மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி நிலச்சரிவைத் தடுக்காது. வெளியூருக்குச் செய்தி அனுப்பவும் உதவாது. ஆயினும் முன்னெச்சரிக்கையை, மின்சாரம் அற்ற வீட்டிற்குள்ளும், அவ்வீட்டாரின் மொழியிலேயே கொண்டு செல்ல அதனால் இயலும்.

செய்யத்தக்கவை

2011-ஆம் ஆண்டின் தனியார் பண்பலைக் கொள்கை, பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களையே கருதியது. எனவே மலையூர்கள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. 2006-ஆம் ஆண்டின் சமுதாய வானொலிக் கொள்கையோ இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இடமளித்து, வரம்புக்குட்பட்ட விளம்பரத்தையும் அனுமதிக்கிறது. அதன் சிறு அலைபரப்பி ஒரு பள்ளத்தாக்குக்குப் போதுமானது.

ஆகவே பணியைப் பகிர்ந்துகொள்வதே முறை. பரந்த வட்டாரத்திற்கு விளம்பர வருவாயுடன் கூடிய பொது நிலையம். மலைமறைவுகளுக்குச் சமுதாய நிலையம். இரண்டிலும் விலை நிலவரத்திற்கும் பேரிடர் எச்சரிக்கைக்கும், விளம்பரம் கிடைப்பினும் கிடைக்காவிடினும், மாறாத நேரம். மாநில எல்லையில் வாழ்வோருக்கு எச்சரிக்கை இருமொழியிலும் அமைதல் இன்றியமையாதது. வருவாய் ஒலிபரப்பைத் தாங்கலாம். ஒலிபரப்பு யாருக்கு என்பதை வருவாய் மட்டுமே முடிவு செய்யலாகாது.