நூறு வாட் ஆம்ப்ளிஃபையர் இரு மடங்கு உரக்கக் கேட்குமா?

இசைக்குழு தொடங்கும் மாணவர்கள் அறிவியல் ஆசிரியரைத் தேடி வருவது அபூர்வம். வந்தால் கேள்வி ஒன்றுதான்: “சார், கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கணும். ஐம்பது வாட் போதுமா, நூறு வாட் வேணுமா?” ஜொகூர் பாருவில் பயிற்சி அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வாசிக்கும் உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். பெரிய எண்ணுக்கு விலையும் பெரிது. அதைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வாட் என்பது திறனின் அலகு. ஆம்ப்ளிஃபையர் தன் ஸ்பீக்கருக்கு ஒரு வினாடியில் எவ்வளவு ஆற்றலைத் தர முடியும் என்பதை அது சொல்கிறது. நம் காது அந்த ஆற்றலை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. அதனால்தான் ஒலியை டெசிபல் என்ற மடக்கை அளவில் குறிக்கிறோம். திறனை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். “சற்றுக் கூடியிருக்கிறது” என்று சொல்லலாம், அவ்வளவுதான். கேட்பவருக்கு இரு மடங்கு உரக்கத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 50 வாட்டைவிட இரு மடங்கு சத்தம் தருவது 100 வாட் அல்ல, 500 வாட்!

விளம்பரத்தில் பெரிதாகப் போடாத இன்னோர் எண் இருக்கிறது. அதுதான் ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதே அது. கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர்களில் 97-ம் உண்டு, 100-ம் உண்டு. அந்த 3 டெசிபல் வேறுபாடு, ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். உணர்திறன் 100 உள்ள ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 113 டெசிபல். டிரம்ஸ் வாசிப்பவர் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அருகில் நின்று ஈடுகொடுக்க இது போதும்.

சரி, நூறு வாட் கருவி ஏன் பிறந்தது? 1965 வாக்கில் லண்டனில், ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்சென்ட் இன்னும் உரத்த கருவி வேண்டுமென்று ஜிம் மார்ஷலிடம் கேட்டார். மார்ஷலின் 100 வாட் கருவி அதன் விளைவு. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் கருவிகளே 55,000-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் கூச்சலில் மூழ்கின. இன்று அந்த வேலையை மைக்கும் மண்டபத்தின் பொது ஒலிபெருக்கியும் செய்கின்றன. திருமண மண்டபத்தில் வாசிக்க அழைத்தாலும் உங்கள் சிறு கருவியின் முன் ஒரு மைக் வைத்தால் போதும்.

டவுன்சென்டுக்குப் பின்னாளில் செவித்திறன் குறைந்தது. காதுக்குள் ஓயாத இரைச்சல் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசினார். மேடையைவிட, ஒலிப்பதிவு அறையில் ஹெட்போனில் உரக்கக் கேட்டதையே அவர் அதிகம் குறை சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த வழியாக வந்தாலும் உட்செவிக்கு அது ஒரே அடிதான். நத்தை ஓடு போன்ற அந்த உறுப்பில், ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள், தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன. 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரட்டிக்கிறது என்பதால் நேரத்தைப் பாதியாக்குங்கள்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான். இரண்டு பாட்டுகூட ஒழுங்காகப் பழக முடியாது. காதடைப்பான் சில ரிங்கிட்தான். ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

“எனக்கே என் கிட்டார் கேட்கவில்லை” என்று வால்யூமை ஏற்றுபவர்களும் உண்டு. பெரும்பாலும் குற்றம் வாட்டில் இல்லை, வைத்த இடத்தில் இருக்கிறது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அகல ஸ்பீக்கரிலிருந்து அது டார்ச் ஒளிபோல் நேராகவே செல்கிறது. தரையில் வைத்த கருவி உங்கள் முழங்காலுக்கு வாசிக்கிறது. எதிரே இருப்பவர் காதைப் பொத்துகிறார்! நாற்காலியில் ஏற்றி, சற்றுச் சாய்த்து, உங்கள் முகத்தை நோக்கித் திருப்புங்கள். வால்யூமைத் தானாகக் குறைப்பீர்கள்.

வால்வா, டிரான்சிஸ்டரா என்ற சண்டைக்கும் சிறிது அறிவியல் உண்டு. எல்லையைத் தாண்டும்போது வால்வு, அலையின் முகட்டை மெல்ல மழுக்குகிறது. சாதாரண டிரான்சிஸ்டர் சுற்று அதைச் சட்டென வெட்டுவதால் ஒலி கரகரக்கும். ஆகவே வால்வு என்றால் 15 அல்லது 20 வாட், டிரான்சிஸ்டர் என்றால் 40 அல்லது 50 வாட், இரண்டிலும் ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். பயிற்சிக்கும் சிறு மேடைக்கும் என் பரிந்துரை இதுதான். தூக்கிச் செல்லும் முதுகும் நன்றி சொல்லும்.

பழைய கருவி வாங்கினால் பின்புறம் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தைப் படியுங்கள். சிங்கப்பூரில் வாங்கியது நம்மைப் போலவே 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். நேராகச் செருகினால் கருவி கருகும். மூன்று முள் பிளக்கின் நில இணைப்பு அறுந்திருந்தால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். கிட்டாரின் உலோகக் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு மின்வழியில் இணைந்தவை. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், நில இணைப்பு இல்லாதபோது மின்சாரம் தரைக்குச் செல்லும் பாதை உங்கள் விரல்களாகிவிடும்.