வழிமறிக்கும் வணிகம்

முன்னுரை

சொல்லாக்கம் பற்றி வகுப்பில் உரையாடிக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் எழுந்து நம்மிடம் ஓர் ஐயம் கேட்டார். "புதிதாக வெளிவரும் வீடியோ கேம் கருவிகளை முந்திக்கொண்டு வாங்கி, இருமடங்கு விலைக்கு விற்பவரை ஆங்கிலத்தில் ஸ்கால்பர் என்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம் ஐயா?" என்பது அவ்வையம். 'பதுக்கல்காரர்' என உடனே விடை கூறினோம். "அவர் எதையும் பதுக்கவில்லையே ஐயா, எல்லாரும் காணத்தானே விற்கிறார்?" என்றார் அவர். நம் விடை பொருந்தவில்லை என்பதை அப்போதே உணர்ந்தோம். சொல்லைத் தேடுமுன் பொருளைத் தெளிதல் வேண்டும். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

தட்டுப்பாட்டின் வரலாறு

இச்சிக்கல் நேற்று முளைத்ததன்று. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000 அக்டோபர் 26 அன்று 299 டாலர் விலையில் வெளிவந்தது. முதல் தவணையாகப் பத்து இலட்சம் கருவிகள் வரும் என எதிர்பார்க்கப்பட்டது. உதிரிப் பாகங்களின் பற்றாக்குறையால் ஐந்து இலட்சமே வந்தன. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, அதன் நீலக்கதிர் உமிழும் சிறு உறுப்பு போதிய அளவில் உருவாகவில்லை. வட அமெரிக்காவிற்கு நான்கு இலட்சம் கருவிகளே முதலில் ஒதுக்கப்பட்டன. ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 499, 599 டாலர் எனக் குறிக்கப்பட்ட அக்கருவிகளுள் சில, இணைய ஏலத்தில் 2000 டாலரையும் தாண்டி விலைபோயின.

2020 நவம்பர் 12 அன்று பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது இந்நிலை முற்றியது. வட்டு செலுத்தும் வகையின் விலை 499.99 டாலர், வட்டு இல்லாத வகையின் விலை 399.99 டாலர். கொரோனாத் தொற்றுக் காலமாதலின் முதல்நாள் விற்பனை இணையத்தின் வழியே மட்டும் நிகழ்ந்தது. கடைவாயிலில் விடியற்காலையில் நின்ற வரிசை கணினித் திரைக்குள் புகுந்தது. சில நாள்களில் அதே கருவிகள் மறுவிற்பனைத் தளங்களில் ஏறத்தாழ இருமடங்கு விலைக்குத் தோன்றின. இந்தியாவில் 49,990 ரூபாய் விலையில் 2021 பிப்ரவரி 2 அன்று அது வெளியானது. முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இருப்பு தீர்ந்தது.

காரணம் யாது?

'அத்துணைப் பேர் விரும்பும் பொருளை மிகுதியாகச் செய்தால் என்ன?' என வினவலாம். பிளேஸ்டேஷன் 5 இன் இதயமாகிய சில்லு, அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் வடிவமைத்து, தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் உருவாவது. அத்தகைய ஆலைகள் உலகில் மிகச் சில. ஊரடங்கில் மடிக்கணினி, தொலைபேசி முதலிய யாவும் சில்லுகளை ஒருங்கே வேண்டி நின்றன. புதிய ஆலை எழுப்பப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே பணம் இருந்தும் பொருளைப் பெருக்க இயலவில்லை.

'எனில், நிறுவனமே விலையை உயர்த்தியிருக்கலாமே?' என்பது அடுத்த வினா. இங்குதான் இவ்வணிகத்தின் உட்பொருள் விளங்குகின்றது. தொடக்கக் காலத்தில் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் அடக்க விலையை ஒட்டியோ, அதற்கும் குறைவாகவோ விற்கப்படுகின்றன. 499 டாலர்க் கருவி இனி இழப்பில் விற்கப்படவில்லை எனச் சோனி அறிவித்தது 2021 ஆகஸ்டில்தான். பின்னர் விற்கும் விளையாட்டுகளிலும் சந்தாவிலுமே ஈட்டம் உண்டு. கருவி பலர் வீடு சென்றால்தான் அவ்வீட்டம் கிட்டும். எனவே விலை தாழ்த்தி வைக்கப்படுகின்றது. தாழ்ந்த விலைக்கும் மிகுந்த விருப்பத்திற்கும் இடையே ஒரு பள்ளம் விழுகின்றது. அப்பள்ளத்தில்தான் மறுவிற்பனையாளர் குடியேறுகின்றார்.

வரிசையில் நிற்கும் இயந்திரம்

மனிதர் கைகளால் மட்டும் இது நடைபெறுவதில்லை. 'பாட்' எனப்படும் கணினி நிரல் கடைப்பக்கத்தை இடைவிடாது நோக்கியிருக்கும். இருப்பு வந்த நொடியே பெயர், முகவரி, அட்டை எண் ஆகியவற்றைத் தானே நிரப்பி வாங்கிவிடும். ஒருவரே பல கணக்குகளின் வழியே பலராகத் தோன்றுவார். வீட்டில் அமர்ந்து தட்டச்சுச் செய்யும் தந்தை தம் முகவரியை முடிக்குமுன் பொருள் தீர்ந்துவிடும். மகனின் பிறந்தநாளுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒருவர், அதே பொருளைச் சற்று நேரத்தில் இருமடங்கு விலையில் காண்கின்றார். விலை உயர்வினும் இம்முறைகேடே மனத்தை உறுத்துவதாகும்.

சொல்லும் பொருளும்

இனி நம் மாணவரின் வினாவிற்கு வருவோம். 'பதுக்கல்' என்பதற்கு மறைத்து வைத்தல் என்பது பொருள். இவர் மறைப்பதில்லை, படம் எடுத்து விளம்பரம் செய்கின்றார். 'கள்ளச்சந்தை' என்போமாயின், பெரும்பாலான நாடுகளில் இச்செயல் சட்டப்படிக் குற்றமன்று. திரையரங்க வாயிலில் 'பிளாக்கில் விற்றல்' என நாம் கேட்டறிந்த வழக்கு ஓரளவு நெருங்குகின்றது. ஆயினும் அது விற்பனையைச் சுட்டுகின்றதேயன்றி, முந்திப் பறிக்கும் செயலைச் சுட்டவில்லை. சப்பானியர் 'தென்பையா' என்கின்றனர். வாங்கியதைத் திருப்பி விற்பவர் என்பது அதன் பொருள். ஆங்கிலச் சொல்லோ, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தொடர்வண்டிப் பயணச்சீட்டுகளை மறுவிற்பனை செய்தோர்க்கு வழங்கியதாகும்.

பழைய இங்கிலாந்துச் சட்டம் ஒன்று இங்கு நமக்கு ஒளி தருகின்றது. சந்தைக்கு வரும் பொருளை வழியிலேயே மறித்து வாங்கி, விலையேற்றி விற்றல் அங்கு நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 1772 இல் அதற்கான சட்டங்கள் நீக்கப்பட்டன. எஞ்சியிருந்த குற்றப்பிரிவும் 1844 இல் ஒழிந்தது. வணிகக் கூட்டம் சந்தையை அடையுமுன் எதிர்சென்று வாங்குதலை நபிமொழியும் விலக்கியுள்ளமை ஈண்டு நினையத்தக்கது. இரண்டும் கண்டித்தது இலாபத்தை அன்று, வழிமறித்தலையே ஆகும்.

மறுவிற்பனையாளர் தம் தரப்பில் கூறுவதையும் கேட்டல் நெறி. 'நான் தட்டுப்பாட்டை உண்டாக்கவில்லை. கருவிகளின் எண்ணிக்கை என்னால் குறையவில்லை. வாங்குபவர் விரும்பியே வாங்குகிறார். வணிகம் என்பதே வாங்கி விற்றல்தானே?' என்பார். முதல் மூன்றிலும் உண்மை உண்டு. நான்காவதே ஆராயத்தக்கது. மிளகு விளையும் மலையிலிருந்து மிளகு விளையாத ஊருக்கு மூட்டை சுமந்தவன் பொருளுக்கும் மக்களுக்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைத்தான். அக்குறைவிற்கே ஊதியம் பெற்றான். இங்கோ பொருள் வாங்குபவரின் வாயில்வரை வந்துவிட்டது. இடையே புகுந்தவர் அதனை அகற்றி, மீண்டும் கொணர்வதற்கு விலை கேட்கின்றார். தொலைவைக் குறைப்பவன் வணிகன். தொலைவை உண்டாக்குபவன் வழிமறிப்பவன். இதுவே நாம் கண்ட வேறுபாடு.

தடுக்கும் வழிகள்

அமெரிக்காவில் 2016 இல் பாட் நிரல்களுக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டம் நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகளுக்கே உரியது. அதனை ஏனைய பொருள்களுக்கும் விரிக்க 2018, 2021 ஆம் ஆண்டுகளில் கொணரப்பட்ட முன்வரைவுகள் சட்டமாகவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 2021 இல் டக்ளஸ் சாப்மன் கொணர்ந்த முன்வரைவும் நிறைவேறவில்லை. விளையாட்டுக் கருவி அரிசியோ மருந்தோ அன்று என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

சட்டம் நின்ற இடத்தில் நிறுவனங்கள் நடந்தன. 2025 ஜூன் 5 அன்று நின்டெண்டோ நிறுவனம் சுவிட்ச் 2 என்னும் கருவியை வெளியிட்டது. சப்பானில் தன் சொந்த இணையக் கடையில் குலுக்கல் முறையைக் கைக்கொண்டது. முந்தைய கருவியில் ஐம்பது மணி நேரமேனும் விளையாடியவரும், ஓராண்டேனும் சந்தா செலுத்தியவருமே விண்ணப்பிக்கலாம் என விதித்தது. பாட் நிரல் ஒரு நொடியில் படிவத்தை நிரப்பும். ஐம்பது மணி நேரம் விளையாடிய பழைமையை நொடியில் உண்டாக்க அதனால் ஆகாது. அவ்வளவு கட்டுப்பாட்டிலும் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். சப்பானிய மொழி மட்டும் கொண்ட வகையை 49,980 யென் எனக் குறைத்தும், பன்மொழி வகையை 69,980 யென் எனக் கூட்டியும் வைத்தமையால், மலிவாக வாங்கி அயல்நாட்டில் விற்கும் வழியும் குறுகிற்று. எல்லாவற்றிற்கும் மேலாகப் பொருள் மிகுதியாகத் திரட்டப்பட்டது. உலகெங்கும் முதல் நான்கு நாள்களில் 35 இலட்சம் கருவிகள் விற்றன. போதிய உற்பத்தியே மறுவிற்பனைக்குத் தலையாய மருந்து என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் தட்டுப்பாடு பொருளால் விளைவது என்பதும், கொள்ளைவிலை முறையால் விளைவது என்பதும் புலனாகின்றன. முன்னதைக் காலம் தீர்க்கும். பிளேஸ்டேஷன் 5 இன் தட்டுப்பாடு நீங்கியதாக 2023 சனவரியில் சோனி அறிவித்தது; அதுவரை பொறுத்த அமெரிக்கர் குறித்த விலைக்கே அதனைப் பெற்றனர். பின்னதைத் தீர்க்க வாங்குபவரின் பொறுமையும் வேண்டும். இருமடங்கு கொடுப்பார் இல்லையெனில், இருமடங்கு கேட்பாரும் இல்லை.

'விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சியா?' எனப் பெரியோர் எண்ணக்கூடும். பொருள் விளையாட்டே; வரிசை விளையாட்டன்று. முன்வந்தவர்க்கு முன் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பது வரிசை. விளையாட்டுக் கருவிக்காக அதனைக் குலைக்கக் கற்ற கை, நாளை பயணச்சீட்டிற்கும் மருந்திற்கும் நீளாது என உறுதி கூற இயலுமா?

அம்மாணவரிடம் நாம் மீண்டும் கூறிய சொல் 'வழிமறி வணிகர்' என்பது. அவர் ஒரு கணம் எண்ணிப் பார்த்து, "வணிகர் என்ற சொல்லையும் அவருக்குக் கொடுக்க வேண்டுமா ஐயா?" என்றார். அவ்வினாவை நாம் இம்மலரின் வாசகர்களிடமே விட்டுவிடுகின்றோம்.