அமர்த்துவதும் மூளையின் வேலைதான்

அன்புள்ள சகோதரிக்கு,

வலிப்புக்காக உங்கள் மகளுக்கு குளோபசாம் மாத்திரை கொடுத்து வருகிறீர்கள். அது மூளையை அடக்கி வைக்கிற மருந்து என்று யாரோ சொன்னதிலிருந்து பிள்ளையின் புத்தி மழுங்கிவிடுமோ என்று பயந்து, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். இதே பயத்தில் இருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று காரணத்தைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நரம்பு செல் மின்துடிப்பை அனுப்புவதைத்தான் மூளையின் வேலை என்று நினைக்கிறோம். அனுப்பாமல் இருப்பதும் வேலைதான். அதற்கென்றே தனி செல்களும் தனி ரசாயனங்களும் உண்டு. பெருமூளையின் மேலடுக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நரம்பு செல்களின் தொழில், மற்ற செல்களை அமர்த்துவது.

அந்த அமர்த்தல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் எட்டி மரமே சாட்சி. அந்த இனத்து விதையிலிருந்து ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை 1818இல் பிரான்சில் பிரித்தெடுத்தார்கள். அது நரம்பை நேரடியாகத் தூண்டுவதில்லை. தண்டுவடத்தில் கிளைசின் என்ற அமர்த்தும் ரசாயனம் வந்து சேரவேண்டிய ஏற்பியை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன்பின் கதவு சாத்தும் சத்தம்கூடப் போதும், உடம்பு விறைத்து வில்லாய் வளைந்துவிடும். ரணஜன்னியில் கிருமியின் நச்சு, கிளைசின் வெளியே வருவதையே தடுக்கிறது. விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

1951இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஜான் எக்கிள்ஸ், பூனையின் தண்டுவட செல்லுக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, அமர்த்தும் செய்தி வரும்போது செல்லின் மின்னழுத்தம் என்ன ஆகிறது என்று அளந்தார். நரம்புகள் மின்சாரத்தாலேயே பேசிக்கொள்கின்றன என்று பல ஆண்டுகள் வாதாடியவர் அவர். செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்மை அடைவதைக் கண்டதும், ரசாயனம்தான் இதைச் செய்கிறது என்று ஒப்புக்கொண்டு தன் கட்சியை விட்டுவிட்டார். 1963இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

உட்புறம் எப்படி எதிர்மின்மை அடைகிறது? ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உள்ளே வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. அந்த வித்தியாசம் 55 அளவுக்குச் சுருங்கினால் துடிப்பு கிளம்பிவிடும். செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம். அதன் வாயில்கள் திறந்தால் நேர்மின்னூட்டம் உள்ள பொட்டாசியம் வெளியேறும். வித்தியாசம் 90ஐ நோக்கி நகரும். செல் துடிப்பிலிருந்து விலகி நிற்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் இந்த வாயில்கள்தான்.

இந்த வாயிலைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆனாலும் பெரியதை விட்டுச் சிறியதை மறிக்கிறது வாயில். 1998இல் ராடெரிக் மெக்கின்னன் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் வாயிலைப் படிகமாக்கி விடையைக் கண்டார். நீரில் இருக்கும் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். குறுகிய வாயிலுக்குள் போக அவற்றை உதற வேண்டும். உள்ளே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியம் இழந்த நீரின் இடத்தை அச்சாக நிரப்புகின்றன. சோடியம் சிறியது என்பதால் அந்த ஆக்சிஜன்களின் பிடிக்கு எட்டுவதில்லை. நீரை உதறினால் அதற்கு நஷ்டம். 2003இல் மெக்கின்னனுக்கு நோபல் கிடைத்தது.

பிறந்த சில நாட்களிலேயே சில குழந்தைகளுக்கு வரும் பரம்பரை வலிப்புக்கு, ஒருவகைப் பொட்டாசியம் வாயிலின் மரபணுக் கோளாறே காரணம் என்று தெரியவந்ததும் அதே 1998இல்தான். அவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அது தானாகவே நின்றுவிடுகிறது.

இனி உங்கள் மகளின் மருந்துக்கு வருகிறேன். மூளையில் அமர்த்தும் வேலையை அதிகம் செய்வது காபா என்ற ரசாயனம். அதற்கு இரண்டு வகை ஏற்பிகள். காபா-ஏ திறந்தால் குளோரைடு உள்ளே பாய்ந்து, மில்லிவினாடிகளில் செல் அமரும். காபா-பி மெதுவானது, அருகிலுள்ள பொட்டாசியம் வாயில்களைத் திறக்கச்செய்து, இன்னும் நீண்ட நேரம் அமர்த்தி வைக்கும். குளோபசாம் வேலை செய்வது முதல் வகையில். அதுவாக வாயிலைத் திறப்பதில்லை. உங்கள் மகளின் மூளை தானே சுரக்கும் காபா வந்து சேரும்போது வாயில் இன்னும் அடிக்கடி திறக்க உதவுகிறது. அவளிடம் ஏற்கெனவே இருக்கும் அமர்த்தலுக்குத்தான் அது துணை.

காபா தயாராவது குளுட்டமேட்டிலிருந்து. தூண்டும் ரசாயனமே ஒரு நொதியால் அமர்த்தும் ரசாயனமாக மாறுகிறது. அந்த நொதிக்கு வைட்டமின் பி6 வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு புட்டிப்பால் தயாரிப்பில், பதப்படுத்திய சூட்டில் பி6 அழிந்துபோக, அதைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்ததும் நின்றது. இதைப் படித்துவிட்டு மாத்திரைக்குப் பதில் வைட்டமின் கொடுக்கலாம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழந்தைகளுக்கு இருந்த குறை வேறு.

பக்கவிளைவே இல்லை என்று சொல்லமாட்டேன். தூக்கக் கலக்கம் வரலாம். சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் பிடிவாதமும் கூடும். பள்ளியில் சோர்ந்து உட்கார்ந்தால் தேதி போட்டுக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ அவரால் முடியும். நீங்களாக ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஆபத்து. மருந்தின் துணைக்குப் பழகிய மூளை தன் பங்கைக் குறைத்துக்கொண்டிருக்கும். துணை திடீரென்று விலகினால் முன்பைவிடக் கடுமையாக வலிப்பு வரலாம். பல வருடம் மது குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது வலிப்பு வருவதும் இதனால்தான்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை தீர்ந்துபோகும் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்