நெடுவழி மோட்டார் சைக்கிள்களின் திறனும் நடையும்

இளைஞர் நால்வர் கூடி மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுமிடத்தில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை சி.சி.?" என்பது. அடுத்தது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் வண்டியின் தரம் முழுவதும் விளங்கிவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். இக்கருத்து சரியானதுதானா? முதுநிலைப் பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில், 'குரூசர்' எனப்படும் ஒருவகை மோட்டார் சைக்கிள்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய விரும்புகிறேன். நெடுந்தொலைவை அலுப்பின்றிக் கடப்பதற்கென்றே அமைந்தவை ஆதலின், இவற்றை 'நெடுவழி வண்டிகள்' என்று நாம் அழைக்கலாம்.

குரூசர் என்பது யாது?

தாழ்ந்த இருக்கை, முன்னே தள்ளி அமைந்த கால்தாங்கிகள், மார்பை நோக்கி வளைந்து வரும் கைப்பிடி, முன்னோக்கிச் சாய்ந்த முன்கவை, நீண்ட உடல் ஆகிய ஐந்தும் இவ்வகையின் அடையாளங்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 1903-ஆம் ஆண்டு தோன்றிய ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் வண்டிகளே இவ்வகைக்குப் புகழ் தேடித் தந்தன. வளைவின்றி நெடுக ஓடும் அந்நாட்டுச் சாலைகளே இவ்வடிவத்திற்குத் தாய் எனலாம்.

நம் நாட்டில் பெரிய மோட்டார் சைக்கிளின் கதை தமிழகத்தோடு பிணைந்தது. 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்பீல்டு நிறுவனமும் கூடி 'என்பீல்டு இந்தியா'வைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் தொழில் நின்றுபோன பின்னரும், சென்னையில் 'புல்லட்' தொடர்ந்து உருவாகி வந்தது. தாய் மாண்ட பின்னும் சேய் தழைத்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இவ்வண்டியின் மீது தனிப்பற்று இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பற்று வேறு, அளவு வேறு.

மூன்று வண்டிகள்

ஒப்பிடுவதற்கு மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ராயல் என்பீல்டு 'மீட்டியார் 350'. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. 349 சி.சி. எஞ்சின், 6,100 சுற்றில் 20.4 குதிரைத்திறன், 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நிறை 191 கிலோகிராம், இரு சக்கர மையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 1,400 மில்லிமீட்டர்.

இரண்டாவது, புணே பஜாஜ் நிறுவனத்தின் 'அவெஞ்சர் குரூஸ் 220'. அவெஞ்சர் என்னும் பெயர் 2005-ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. 2020-ஆம் ஆண்டின் வடிவில் 220 சி.சி. எஞ்சின்; 8,500 சுற்றில் 19 குதிரைத்திறன்; 7,000 சுற்றில் 17.55 நியூட்டன் மீட்டர். நிறை 163 கிலோகிராம். சக்கர இடைத்தொலைவு 1,490 மில்லிமீட்டர்.

மூன்றாவது, 2023-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராயல் என்பீல்டு 'சூப்பர் மீட்டியார் 650'. 648 சி.சி. கொண்ட இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், 47 குதிரைத்திறன், நிறை 241 கிலோகிராம், சக்கர இடைத்தொலைவு 1,500 மில்லிமீட்டர்.

திறனும் முறுக்குவிசையும்

முதலிரண்டையும் நோக்குக. ஒன்று 349 சி.சி.; மற்றொன்று 220 சி.சி. எனினும் திறனில் உள்ள வேறுபாடு 1.4 குதிரைத்திறன்தான். இஃது எங்ஙனம்?

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. மீட்டியார் வலிமையாக, ஆனால் மெதுவாகச் சுழல்கிறது. அவெஞ்சர் மென்மையாக, ஆனால் விரைவாகச் சுழல்கிறது. பெரிய அகப்பையால் நிதானமாக இறைப்பவனும், சிறிய அகப்பையால் விரைந்து இறைப்பவனும் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஒரே அளவு நீரை இறைப்பதைப் போன்றது இது.

மீட்டியாரை ஏன் விரைவாகச் சுழற்றலாகாது? அதன் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 85.8 மில்லிமீட்டர் ஓடவேண்டும். அவெஞ்சரின் பிஸ்டன் 62.4 மில்லிமீட்டர் ஓடினால் போதும். உச்சத் திறன் தரும் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மீட்டியாரில் வினாடிக்கு 17.4 மீட்டர், அவெஞ்சரில் 17.7 மீட்டர். ஏறத்தாழ ஒன்றே! சிலிண்டருக்குள் உலோகம் தாங்கும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு; இரு நிறுவனத்தாரும் வெவ்வேறு வழியில் நடந்து அவ்வெல்லையின் அருகிலேயே வந்து நின்றிருக்கின்றனர்.

இனி நிறையையும் சேர்த்துக்கொள்வோம். ஓட்டுபவர் 70 கிலோகிராம் எனில், ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மீட்டியாரில் 57 வாட்டும் அவெஞ்சரில் 60 வாட்டும் கிடைக்கின்றன. 220 சி.சி. வண்டி ஒரு சிறிதே முந்துகிறது. சூப்பர் மீட்டியாரிலோ 111 வாட். ஆகவே சி.சி. ஒன்றைக்கொண்டே வண்டியை எடை போடுவது, பானையின் அளவைக்கொண்டே சோற்றின் சுவையைச் சொல்வது போலாகும்.

எவ்வளவு திறன் வேண்டும்?

இந்த ஆராய்ச்சி எனக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் அண்ணன் தோல்பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார்; தைத்த பைகளை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கடைகளில் சேர்ப்பதும் அவர் பொறுப்பே. மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக்கொண்டு வண்டி வாங்க எண்ணி, "தம்பி, நீ விஞ்ஞானம் படிக்கிறவன். பழைய அவெஞ்சர் ஒன்று விலைக்கு வருகிறது. பணம் கொஞ்சம் புரட்டினால் மீட்டியாரும் வாங்கலாம். எது நல்லது, சொல்" என்று கேட்டார். வீட்டின் சேமிப்பு முழுவதும் அதில் அடங்கியிருந்தது. அண்ணனின் உயிரும் அடங்கியிருந்தது. ஆகவே கணக்குப் போட்டேன்.

30-க்கு 1 என்ற சரிவுள்ள மேம்பாலத்தில், மீட்டியாரில் இருவர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். சரிவை வெல்ல 108 நியூட்டன் விசையும், டயரின் உருளல் தடைக்கு ஏறத்தாழ 50 நியூட்டனும், காற்றின் தடைக்கு 25 நியூட்டனும் வேண்டும். இதற்குச் செலவாகும் திறன் ஏறத்தாழ 2 குதிரைத்திறனே! நகரத்தில் ஓடும்போது இவ்வண்டியின் திறனில் பத்தில் ஒரு பங்குதான் பயன்படுகிறது.

வேகம் கூடும்போது கதை மாறுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகப் பெருகும். அதனை வெல்லும் திறனோ மும்மடியாகப் பெருகும். நிமிர்ந்து அமர்ந்த ஒருவர் மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்ல ஏறத்தாழ 12 குதிரைத்திறன் வேண்டும். 120 கிலோமீட்டருக்கு 20 வேண்டும். அதாவது, முதலிரண்டு வண்டிகளுக்கும் அதுவே கரை. 650 சி.சி. வண்டிக்கு அங்கும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

ஆனால் அம்மிச்சத்தை எங்கே செலவிடுவது? பாந்திரா–வோர்லி கடற்பாலத்திலும், 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்த 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுவிலும், மும்பை–புணே விரைவுச் சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. நேர்வழிக்கென்று பிறந்த வண்டிக்கு இந்நகரின் நேர்வழிகளே அடைபட்டிருப்பது வேடிக்கையன்றோ?

சந்தும் வளைவும்

நீண்ட வண்டி நேரே செல்லும்போது அசையாது செல்லும். முன்கவை சாய்ந்திருப்பதால், அதன் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் டயர் தரையைத் தொடுகிறது. இழுத்துச் செல்லும் தள்ளுவண்டியின் சிறுசக்கரம் தானே பின்னால் திரும்பிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். அதே காரணத்தால் இங்கும் முன்சக்கரம் தானே நேராகிக்கொள்கிறது.

இதே குணம் சந்தில் குறையாகிறது. கைப்பிடியை 35 பாகை திருப்பினால், பின்சக்கரம் வரையும் வட்டத்தின் விட்டம் அவெஞ்சருக்கு ஏறத்தாழ 4.3 மீட்டர்; மீட்டியாருக்கு 4 மீட்டர்; 1,236 மில்லிமீட்டர் இடைத்தொலைவுள்ள ஹீரோ ஸ்பிளெண்டருக்கு 3.5 மீட்டர். தாராவி தொண்ணூறடிச் சாலையில் இவ்வேறுபாடு தோன்றாது. அங்கிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் ஒவ்வொரு முழமும் கணக்கு. திரும்ப முடியாமல் வண்டியைத் தள்ள நேர்ந்தால், 163 கிலோகிராமுக்கும் 191 கிலோகிராமுக்கும் உள்ள வேறுபாடு தோளுக்குத் தெரியும். எனினும் இருக்கை தாழ்ந்திருத்தலால் இரு பாதங்களும் தரையில் நன்கு பதியும். நெரிசலில் ஊர்ந்து செல்வோர்க்கு இஃது ஒரு நன்மையே.

மலைச்சாலையில் வேறோர் எல்லை குறுக்கிடுகிறது. வளைவில் வண்டி சாயவேண்டிய கோணம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டருக்கு 27 பாகை சாய்ந்தால் போதும். 45 கிலோமீட்டருக்கு 38 பாகைக்கு மேல் சாயவேண்டும். பல குரூசர்களில் 30 பாகையை ஒட்டிய சாய்விலேயே கால்தாங்கி தரையில் உரசத் தொடங்கிவிடும். கோப்போலியிலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் பழைய சாலையில் இவ்வண்டிகளை ஓட்டுவோர், வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைத் தணித்தல் வேண்டும். உள்ளே நுழைந்த பின் திருத்திக்கொள்ள அதிக இடம் கிடையாது.

நிறுத்தும் ஆற்றல்

ஓடும் ஆற்றலைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். நிற்கும் ஆற்றலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்பவர் உலர்ந்த சாலையில் நன்கு பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 16 மீட்டரில் நிற்பார். ஜூலை மாத மழையில் பிடிப்புக் குறைந்தால் 28 மீட்டர் ஆகும். கண்ட பொருளை மனம் உணர்ந்து கை அசைவதற்குள் கழியும் ஒரு வினாடிக்கு 14 மீட்டரை இரண்டிலும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்திற்கு ஓடுகிறது. எவ்வளவு ஓடும்? ஈர்ப்பு மையத்தின் உயரத்தைச் சக்கர இடைத்தொலைவால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது அது. மையத்தின் உயரம் 60 சென்டிமீட்டர் என்று கொண்டால், உலர்ந்த சாலையில் கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் சிறிய வண்டியின் பின்சக்கரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாரமே எஞ்சும். அவெஞ்சரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சும். மழையில் மெல்லப் பிடிக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் எஞ்சும். எனவே குரூசரில் பின்பிரேக் வெறும் துணையன்று. வண்டியை நிறுத்துவதில் அதற்கும் உரிய பங்கு உண்டு.

இங்கேதான் இரு வண்டிகளும் பிரிகின்றன. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வேண்டும் என்ற விதி, 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் வந்தது. அவ்விதிப்படி அவெஞ்சரில் முன்சக்கரத்திற்கு மட்டும் ஏ.பி.எஸ். பொருத்தினர், பின்னே டிரம் பிரேக். மீட்டியாரில் இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், இரண்டுக்கும் ஏ.பி.எஸ். உண்டு. 2019-க்கு முற்பட்ட அவெஞ்சர் எனில் முன்சக்கரத்திற்கும் இப்பாதுகாப்பு இராது. அண்ணனுக்கு விலைக்கு வந்தது அத்தகைய பழைய வண்டிதான்.

எனவே அவரிடம் நான் சொன்னது இது: "அண்ணே, பை கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே வேலை என்றால் 112 கிலோகிராம் உள்ள ஸ்பிளெண்டரே போதும். பெரிய வண்டிதான் வேண்டுமென்றால், இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். இல்லாததை வாங்க வேண்டாம்." அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "கணக்கெல்லாம் சரி தம்பி, ஆசை உன் கணக்கில் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்குப் பௌதிகத்தில் விடை இல்லை. ஆயினும் பழைய அவெஞ்சரை வேண்டாமென்று சொல்லிவிட்டார். மழைக்காலம் கழியட்டும், அதுவரை இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன் என்று இருக்கிறார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் விளங்கும். சி.சி.யின் பெருமை திறனின் பெருமை ஆகாது. நேர்வழியில் துணையாகும் நீளம் சந்தில் சுமையாகும். ஓடும் திறனில் ஒத்த இரு வண்டிகள் நிற்கும் திறனில் வேறுபடலாம். எனவே சிறந்த குரூசர் எது என்ற கேள்விக்குப் பொதுவிடை கிடையாது. எந்தச் சாலையில், எந்தப் பருவத்தில், யார் ஓட்டப்போகிறார் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை பிறக்கும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் அண்ணனோ தம்பியோ மாமனோ வண்டி வாங்க எண்ணுவார். அப்போது அளவுக் குறிப்பை வாங்கிப் பாருங்கள். நிறை, சக்கர இடைத்தொலைவு, முறுக்குவிசை பிறக்கும் சுற்று, இரு சக்கரங்களின் பிரேக் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். வகுப்பறையில் நாம் கற்கும் நியூட்டன் விதிகள் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடக் கூடாது. மழை பெய்யும் சாலையில் நம்மவர் ஒருவரை வீடு கொண்டுவந்து சேர்க்கவும் அவை பயன்படட்டும்.