வேலையா, சுபாவமா?

வாசிக்க: லூக்கா 10:38-42, யோவான் 12:1, 2

ஒரு சகோதரன் ஜெபத்துக்கு வந்தார். "பாஸ்டர், இது மூணாவது கம்பெனி. இங்கேயும் திருப்தி இல்லை. வேறே வேலைக்கு ஜெபம் பண்ணுங்க" என்றார். அதே கம்பெனியில், அதே சம்பளத்துக்கு இருக்கிற இன்னொருவரோ சந்தோஷமாய் இருக்கிறார். ஏன் இந்த வித்தியாசம்?

பெத்தானியா வீட்டைப் பாருங்கள். மரியாள் அமர்ந்து கேட்டாள். மார்த்தாளோ பல வேலைகளில் கலங்கி, தன் சகோதரியைக் குறித்து முறையிட்டாள். அவளை வருத்தியது வேலை மாத்திரமல்ல, கவலைப்படும் சுபாவமுந்தான்.

ஆராய்ச்சியாளர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த 34 ஜோடி ஒரே உருவ இரட்டையரை ஆராய்ந்து, 1989-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வேலைத் திருப்தியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 30 சதவீதம் பிறவியோடு வருகிறது என்று கணக்கிட்டார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2002-ம் வருஷத்துக் கட்டுரை ஒன்றில், எளிதில் கலங்குகிறவர்களுக்குத் திருப்தி பொதுவாகக் குறைவு. பொறுப்பாய்ச் செய்கிறவர்களுக்கும் கலகலப்பாய்ப் பழகுகிறவர்களுக்கும் கூடுதல்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள்:

1. எல்லாவற்றையும் சுபாவத்தின்மேல் போடாதீர்கள். முதலாளி கூலியைப் பிடித்து வைத்திருக்கும்போது, "உன் மனசை மாத்திக்கோ" என்று வேலையாளிடம் சொல்வது அநியாயம்.

2. சுபாவத்துக்கு ஏற்ற வேலையைத் தேடுவது தப்பல்ல. நாலு பேரோடு பேசிப் பழகுகிறவரைத் தனியறையில் கணக்கு நோட்டோடு உட்கார வைத்தால் வாடிப்போவார். அமைதியானவரைக் கடை கடையாய் ஆர்டர் பிடிக்க அனுப்பினால் அவரும் சோர்ந்துபோவார்.

3. மூன்று இடத்திலும் ஒரே குறை என்றால், மூன்று இடத்துக்கும் நம்மோடு கூடவே வந்தது எது என்று பாருங்கள்.

அந்தச் சகோதரனிடம், "பிரதர், ஜெபிக்கிறேன். ராஜினாமா எழுதுமுன் ஒரு வாரம், உங்களைக் கலங்கப்பண்ணுகிறதை எல்லாம் எழுதி வையுங்க" என்றேன். கொண்டுவந்து காட்டினார். பாதிக்குமேல் வேலை அல்ல, "மேனேஜர் என்ன நினைப்பாரோ" என்கிற பயம்! அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இன்னும் அங்கேதான் இருக்கிறார். பயம் முழுவதும் போகவில்லை. ஆனால் இப்போது அதை அடையாளம் கண்டுகொள்கிறார்.

யோவான் 12-ல் மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். வேலை மாறவில்லை. முறையிட்டதாக மட்டும் அங்கே எழுதப்படவில்லை.

சிந்திக்க: நான் மாற்ற வேண்டியது வேலையையா, வேலைக்கு நான் சுமந்துபோகும் கலக்கத்தையா?