ஹெரால்டு ஏன் உதறுகிறது?

அன்புள்ள மருமகனுக்கு,

தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செங்கல்பட்டில் ஒழுங்காகக் கிளம்பி, திருக்கழுக்குன்றம் தாண்டி வேகம் பிடித்ததும் ஜர்க் அடிக்கிறது, மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு எதையும் மாற்றாதே. வண்டலூர்ப் பக்கத்து ஆலை மூடிப் பல காலமாயிற்று. அந்த வண்டியில் இன்னும் மிச்சமிருக்கும் அசல் பாகம் ஒவ்வொன்றும் காப்பாற்ற வேண்டியது.

முதலில் கோளாறு கரண்டிலா, பெட்ரோலிலா என்று பிரித்துக்கொள். கரண்டு மிஸ்ஸானால் சுவிட்சை அணைத்துப் போட்டது மாதிரி வெடுக்கென்று வெட்டும். பெட்ரோல் போதாவிட்டால் இழுவை மெல்லக் குறைந்து, கார்புரேட்டர் வழியாக என்ஜின் ‘புஸ்’ஸென்று துப்பும். சந்தேகமா? ஜர்க் அடிக்கும்போதே சோக்கைப் பாதி இழு. வண்டி சமாளித்து ஓடினால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இன்னும் திணறினால் பிளக், பாயின்ட் பக்கம் போ. காசில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

ஸ்லோவில் நடுங்கி வேகத்தில் சரியாகிவிட்டால் எங்கோ ஏர் பிடிக்கிறது. ஸ்லோவில் ஓடவிட்டு, கார்புரேட்டர் அடி கேஸ்கட்டிலும் இன்டேக் மேனிஃபோல்டு இணைப்பிலும் ஆயில் கேனால் சொட்டுச் சொட்டாக விடு. எந்த இடத்தில் ஓட்டம் சீராகிறதோ அங்கேதான் ஓட்டை. சூடான சைலன்சர் குழாயில் மட்டும் சிந்திவிடாதே.

உன் வண்டி அப்படியில்லை. நீண்ட இழுவையில்தான் சோர்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் வரத்தைத்தான் பார்க்க வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். கலந்தால் ஏறக்குறைய 13.5. 1960களில் துளையிட்ட கார்புரேட்டர் ஜெட்டுக்கு இது தெரியாது, பழைய அளவே ஊற்றும். ஆகவே எல்லாம் சரியாக இருந்தாலும் கலவை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். அதோடு ஃபில்டரும் அடைத்தால் மிஸ்ஸிங்தான். அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும் என்பதுதான் எனக்குக் கவலை.

எத்தனால் பழைய ரப்பரையும் அரிக்கும். ஓஸை வளைத்துப் பார். உள்ளே வெடித்திருந்தால் அந்தத் துணுக்குதான் ஜெட்டை அடைத்திருக்கும். ஓஸ், ஃபில்டர், பம்ப் டயாஃப்ரம் மூன்றையும் பார்த்துவிட்டு, ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய். கம்பி விடாதே. பித்தளைத் துளை விரிந்துவிட்டால் திரும்பாது.

கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிக்குக் கரண்டு சோதனையும் தேவை. உப்பும் ஈரமும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில் படியும். இரவில் விளக்கில்லாத இடத்தில் பானட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால், ஒழுகும் ஒயரில் நீலப் பொறி தாவுவது தெரியும். ஒயர்களைக் கழற்றுமுன் எண் எழுதி ஒட்டு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம்.

இத்தனையும் முடித்து மாமல்லபுரம் வரை ஒரே வேகத்தில் ஓட்டு. ஓரம் கட்டி உடனே அணைத்துவிட்டு, சூடு தணிந்ததும் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பு. ஒரு பக்கத்துப் பிளக்குகள் மட்டும் வெளுத்திருந்தால் மேனிஃபோல்டு கேஸ்கட்டை மாற்றலாம். நான்கும் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போடுவோம்.

அன்புடன்,
மாமா