சலவை இயந்திரத்தைப் பேணும் முறை

தோட்டத்து இல்லங்கள் பலவற்றில் இன்று சலவை இயந்திரம் இடம்பெற்றுள்ளது. பல மாதச் சேமிப்பில் வாங்கிய அப்பொருளைப் பழுதாகாமல் காப்பது நம் கடமையாகும்.

பால்மரம் சீவுவோரின் உடைகளில் ஒட்டுப்பால் படிந்திருப்பது இயல்பு. அது உதிர்ந்து கழிவுநீர்க் குழாயை அடைத்துவிடக்கூடும். எனவே, துவைக்குமுன் அதனை இயன்றவரை உரித்தெடுங்கள், மண்ணை உதறுங்கள், சட்டைப்பையில் காசு, ஆணி முதலியன இல்லாதவாறு பாருங்கள். துணித்தூசு சேரும் வடிகட்டியை ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் கழுவுங்கள். அளவுக்கு மீறித் துணிகளைத் திணிக்காதீர்கள்.

நீர் வடியாவிட்டால், முதலில் மின்செருகியைக் கழற்றுங்கள். பின்னர்க் குழாய் மடங்கியுள்ளதா, அடைபட்டுள்ளதா எனப் பாருங்கள். பிழியும்போது இயந்திரம் அதிர்ந்தால், அதனை நிறுத்தி, ஒருபுறம் குவிந்த துணிகளைப் பரப்பி வையுங்கள். இயந்திரத்தின் கால்கள் சமமாக ஊன்றியுள்ளனவா எனவும் கவனியுங்கள்.

இயந்திரத்தைத் தொடும்போது சிறிதளவு மின்னதிர்வு உணரப்பட்டாலும் அதனை மீண்டும் தொடலாகாது. எர்த் கம்பி அறுந்திருந்தால், கசியும் மின்சாரம் ஈரத்தரையில் நிற்பவரின் உடல்வழியே பாய்ந்து உயிரைப் பறித்துவிடும். உடனே வீட்டின் முதன்மை மின்விசையை அடைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். குழாய் அடைப்பை நாமே நீக்கலாம். மின்பழுதில் நாம் கைவைத்தல் கூடாது.